நடு காயாத உருண்டை: ஃபெல்ட் சரம் கோத்த அனுபவம்

மூடி வைத்த டப்பாவைத் திறந்ததும் முகத்தில் அடித்த வாடை இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது. உள்ளே 90 கம்பளி உருண்டைகள், வாசலில் தொங்கவிடும் அலங்காரச் சரத்துக்காக. ஒவ்வொன்றும் நான் சோப்புத் தண்ணீரில் உருட்டி உருட்டி இறுக்கியது. இப்படி இறுக்கிய கம்பளியைத்தான் ஃபெல்ட் என்பார்கள். வெளியே தொட்டுப் பார்த்தால் எல்லாமே காய்ந்துதான் இருந்தன. ஒன்றை எடுத்துக் கூரான கத்தியால் இரண்டாக நறுக்கினேன். நடுவில் ஈரம், அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. இன்னொன்றை நறுக்கினேன். அதுவும் அப்படியே. ஐந்தாவது உருண்டைக்கு மேல் நறுக்க மனம் வரவில்லை. வீட்டில் அப்போது வேறு யாரும் இல்லை. தரையிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். ஒரு உருண்டைக்குச் சுமார் 10 நிமிடம் என்று வைத்தால் 90 உருண்டைக்கு 15 மணி நேரம். அத்தனை நேரமும் 180 கிராம் நல்ல கம்பளியும் அன்றைக்குக் குப்பைக்குப் போயின. "காய்ந்துவிட்டது என்று கையை நம்பாதே" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல ஆளில்லை. அதனால்தான் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். வீடு மாறி சில மாதங்கள் ஆகியிருந்தன. கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவில் கதவில்லாத ஒரு வாசல். எதைக் கொண்டு அலங்கரித்தாலும் அது ஒட்டாமல் நின்றது. துணித் திரை போட்டால் வெளிச்சம் அடைபட்டது, எடுத்துவிட்டால் மொட்டையாக இருந்தது. அப்போதுதான் ஃபெல்ட் உருண்டைகளைச் சரம் சரமாகக் கோத்து வாசலில் தொங்கவிட்டிருந்த படம் ஒன்று கண்ணில் பட்டது. மறைக்கவும் இல்லை, வெறிச்சென்றும் இல்லை. பார்த்ததுமே இதுதான் என்று மனம் பிடித்துக்கொண்டது. அந்த நாட்களில் நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அந்த வெறும் வாசல் என்னை எவ்வளவு வாட்டியது என்பது சரம் தொங்கிய பிறகுதான் எனக்கே புரிந்தது.

முதலில் செய்ய நினைக்கவே இல்லை, வாங்கத்தான் நினைத்தேன். "கையால் செய்த கம்பளி உருண்டைச் சரம்" என்று போட்டிருந்ததை நம்பி இணையத்தில் இரண்டு சரம் வாங்கினேன். வந்ததைப் பிரித்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கியது, பளபளப்பு வேறு அதிகமாக இருந்தது. ஒரு உருண்டையிலிருந்து நாலு இழையைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். உருகிச் சொட்டி, கறுப்பாகக் கெட்டியான ஒரு மணியாக இறுகியது. அது முழுக்க முழுக்கச் செயற்கை இழை. உண்மையான கம்பளி உருகாது. தலைமுடி பொசுங்கும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், மிஞ்சும் சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். முடியும் கம்பளியும் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதத்தால் ஆனவை என்பதால்தான் அந்த நாற்றம். திருப்பி அனுப்பப் பார்த்தேன், பிரித்ததைத் திரும்ப எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்த வேலைக்கு ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் கால்பங்கு அதோடு போனது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் நாலு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள். நூறு சதவீதம் கம்பளியா, கலப்பா? உருண்டையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், அதை அளவுகோல் பக்கத்தில் வைத்து எடுத்த படம் கிடைக்குமா? உருண்டைகளை நூலில் நகர்த்தி இடைவெளியை மாற்ற முடியுமா, இல்லை ஒட்டி வைத்திருக்கிறார்களா? நூல் என்ன நூல்? கடைகளில் விற்கிற கையால் உருட்டிய உருண்டைகளில் பெரும்பங்கு நேபாளத்திலிருந்து வருகிறது. அங்கே பெண்கள் ஒவ்வொன்றாகக் கையால் உருட்டுகிறார்கள். அப்படி உருட்டியதில் இரண்டு உருண்டை ஒரே அளவாக இருக்காது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். எனக்கு வந்த சரத்தில் எல்லாமே அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்தக் கோபத்தில்தான் நானே செய்கிறேன் என்று இறங்கினேன். இறங்கியதும் முதல் தப்பு. ஸ்வெட்டர் பின்னுகிற கம்பளி நூல் கண்டுகளை வாங்கி வந்துவிட்டேன். அழகான நிறங்கள். நூலை உருண்டையாகச் சுற்றி, வெந்நீரும் சோப்பும் போட்டு உருட்டினேன். அரை மணி நேரம் உருட்டியும் நூல் நூலாகவே இருந்தது. இறுகவே இல்லை. கண்டின் மேல் ஒட்டியிருந்த தாளைப் பிறகுதான் படித்தேன். 'சூப்பர்வாஷ், மெஷினில் துவைக்கலாம்' என்று இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். கம்பளி இழையின் மேல் மீன் செதிலைப் போல நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெந்நீரிலும் சோப்பின் காரத்தன்மையிலும் இழை ஊறி அந்தச் செதில்கள் விரிகின்றன. அந்த நிலையில் தேய்த்தால் ஒரு இழையின் செதில் இன்னொன்றில் மாட்டிக்கொள்கிறது. செதிலெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால் இழை முன்னே நகரும், பின்னே வராது. தேய்க்கத் தேய்க்க ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சடை பிடித்துப்போகிறது. ஃபெல்ட் என்பது இந்தச் சடைதான். பிடித்த பிறகு பிரிக்கவே முடியாது. ஸ்வெட்டர் சுருங்கக் கூடாது என்பதற்காகச் சூப்பர்வாஷ் நூலில் குளோரின் கொண்டு செதிலைத் தேய்த்துவிட்டு, மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சும் கொடுத்துவிடுகிறார்கள். மாட்டிக்கொள்ளச் செதிலே இல்லாத நூல் எப்படி இறுகும்? அக்ரிலிக், பாலியஸ்டர் நூல்களும் இந்தக் காரணத்தால்தான் இறுகாது. ஆகவே துவைத்தால் சுருங்காது என்று எழுதியிருக்கும் எந்தக் கம்பளியும் இந்த வேலைக்கு உதவாது. மொத்தமாக வாங்குவதற்கு முன்னால் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் சோப்புத் தண்ணீரோடு ஐந்து நிமிடம் தேய்த்துப் பாருங்கள். குட்டி உருண்டையாக இறுகினால் வாங்குங்கள்.

உங்களுக்கு வேண்டியது நூலாகத் திரிக்காத கம்பளி. அதிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று சீப்பால் வாரி எல்லா இழையையும் ஒரே திசையில் படுக்கவைத்த நீள வடம். இன்னொன்று சிக்கெடுத்துப் பஞ்சு மெத்தை போல விரித்தது, அதில் இழைகள் நாலு திசையிலும் கிடக்கும். நான் முதலில் வடத்தைத்தான் வாங்கினேன். மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளி, 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு) அளவில் இருக்கும் மிக மெல்லிய இழை, பட்டு மாதிரி. ஆனால் ஒரே திசையில் சுற்றினால் உருண்டையில் வரிவரியாகப் பள்ளம் விழுகிறது. மெத்தை போன்ற கம்பளி சீக்கிரம் இறுகுகிறது, விலையும் குறைவு. இப்போது நான் நடுக் கருவுக்குச் சாயம் போடாத முரட்டுக் கம்பளியை வைத்து, மேலே மட்டும் நிறக் கம்பளியைச் சுற்றுகிறேன். நல்ல கம்பளிச் செலவு பாதிக்குப் பாதி குறைந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரிவதில்லை.

உருட்டுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் என் மணிக்கட்டு போனது. என் கணக்கு 6 சரம், சரத்துக்கு 40 உருண்டை, ஆக 240. காய்ந்தபின் 2.5 செ.மீ. வரவேண்டும். அதற்கு உருண்டைக்குச் சுமார் 2 கிராம் கம்பளி பிடித்தது. இதைக் கண்ணால் அளக்காதீர்கள். கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று இருந்தால் முதல் நாளே எல்லாவற்றையும் நிறுத்துத் தனித்தனிக் குவியலாக வைத்துவிடலாம். நான் கண்ணளவில் கிள்ளிக் கிள்ளி எடுத்த முதல் 30 உருண்டைகளில் ஒன்று நெல்லிக்காய் அளவு, ஒன்று எலுமிச்சை அளவு. கம்பளியைப் பிய்த்தெடுக்கும்போது கத்தரி வைக்கக் கூடாது. இரண்டு கையையும் ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்ல இழுத்தால் தானே பிரியும். வெட்டிய முனை மொண்ணையாக நிற்கும், கடைசி வரை ஒட்டாது.

கம்பளியை மூன்று நான்கு மெல்லிய அடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கையும் முந்தைய அடுக்குக்குக் குறுக்கே வருமாறு சுற்ற வேண்டும். நடுக் கரு முதலிலேயே கெட்டியாக இருக்க வேண்டும். அங்கே தளர்வாக விட்டால் பிறகு எவ்வளவு உருட்டினாலும் உள்ளே பொக்கையாகவே நிற்கும். சுற்றியதைக் கை பொறுக்கும் சூட்டில் உள்ள சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, உள்ளங்கையில் வைத்து, முதல் இரண்டு நிமிடம் தொட்டும் தொடாமலும் உருட்ட வேண்டும். என்னால் முடியாமல் போனது இதுதான். அவசரப்பட்டு ஆரம்பத்திலேயே அழுத்தினேன். வெளித்தோல் மட்டும் இறுகி, உள்ளே இறுகாமல், மேலே மடிப்பு விழுந்தது. அந்த மடிப்பு அப்படியே வெடிப்பாக மாறி, மூளையின் படம் போல ஆகிவிடும். வெடிப்பு விழுந்தால் கையை எடுத்துவிடுங்கள். மேலும் உருட்டினால் வெடிப்பு ஆழமாகும். காய்ந்த மெல்லிய இழைத் துணுக்கு ஒன்றை அதன்மேல் குறுக்கே போர்த்தி, ஒரு சொட்டு சோப்பு விட்டு, பூப்போல உருட்டினால் பாதி உருண்டைகள் பிழைத்துக்கொள்ளும்.

உருண்டை எப்போது முடிகிறது என்பதைக் கை சொல்லும். முதலில் நனைந்த பஞ்சைப் பிடித்த மாதிரி தொளதொளவென்று இருக்கும். ஐந்தாவது நிமிடத்தில் தோல் ஒன்று உருவாகிவிட்டது என்று விரலுக்குத் தெரியும், அதன்பின் அழுத்தம் கூட்டலாம். எட்டாவது ஒன்பதாவது நிமிடத்தில் உருண்டை திடீரென்று சிறுத்துவிட்டது போல இருக்கும். விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் எதிர்த்து நிற்கும், விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். பளிங்குத் தரையில் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டால் 'டொப்' என்று கனமான ஒரு சத்தம். அந்தச் சத்தம் முதல்முறை கேட்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி மாளாது. நனைந்து தளர்வாக இருந்த கம்பளி அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருக்கும். அதனால் ஆரம்ப உருண்டையைப் பார்த்து 'பெரிதாக இருக்கிறதே' என்று கம்பளியைக் குறைத்துவிடாதீர்கள்.

சோப்பு அதிகமானால் கை வழுக்கிக்கொண்டு போகும், இழைகள் உரசாது. குறைவானால் இழை கையோடு ஒட்டி எழும்பும். நுரை மெல்லியதாக ஒரு படலம் போல நின்றால் போதும். மணிக்கணக்கில் சோப்பில் ஊறியதில் என் விரல் நுனிகள் வெடித்து, ஒரு வாரம் பேனா பிடிக்க முடியவில்லை. ஒரு நாளில் 12 உருண்டைக்கு மேல் உருட்டாதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 240 உருண்டை என்றால் 40 மணி நேரம் வெறும் உருட்டலுக்கே. இரண்டு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று நினைத்து, ஒரே சனிக்கிழமையில் 35 உருட்டினேன். வலது மணிக்கட்டு வீங்கி பத்து நாள் பட்டை கட்டிக்கொண்டு இருந்தேன். சுருக்கு வழி என்று, நைலான் காலுறைக்குள் உருண்டைகளைப் போட்டு முடிச்சிட்டு வாஷிங் மெஷினில் விட்டும் பார்த்தேன். பெரிய உருண்டைக்கு அது சரிப்படும். என்னுடைய சின்ன உருண்டைகள் காலுறையின் வலைக்கண் வழியாக இழையை வெளியே விட்டு அதோடு சேர்ந்தே வளர்ந்துவிட்டன. பிய்த்தெடுத்ததில் மேல்தோல் எல்லாம் பிசிறு.

இப்போது அந்த 90 உருண்டைகளின் கதைக்கு வருகிறேன். உருட்டி முடித்துப் பிழிந்து, ஒரு நாள் தட்டில் பரப்பினேன். மறுநாள் தொட்டால் காய்ந்திருந்தது. தூசி படக் கூடாதே என்று பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக்கி மூடினேன். நான்கு நாள் கழித்துத்தான் திறந்தேன். கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. உடுத்துவதற்கு அது எவ்வளவு நல்ல குணமோ, உருண்டை செய்கிறவருக்கு அவ்வளவு ஆபத்தானது. வெளித்தோல் காய்ந்து உங்களை ஏமாற்றும்போது நடுவில் ஈரம் அப்படியே உட்கார்ந்திருக்கும். சைபீரியாவின் அல்தாய் மலையில் பசிரிக் என்ற இடத்துக் கல்லறைகளிலிருந்து எடுத்த ஃபெல்ட் விரிப்புகள் 2,000 வருஷத்துக்கும் மேலாகக் கெடாமல் இருந்து, இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை தப்பியது பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்ததால். அதே கம்பளி என் வீட்டில் ஒரு மூடிய டப்பாவுக்குள் நான்கு நாள் தாங்கவில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றோட்டமின்மையும் ஒன்றாகச் சேர்ந்தால் அவ்வளவுதான்.

அதன்பிறகு நான் வைத்துக்கொண்ட முறை இது. அலசும்போது சோப்பு வாடையே இல்லாத அளவுக்கு அலசுவேன். கடைசித் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்டுச் சில நிமிடம் ஊறவிடுவேன், மிச்சமிருக்கும் சோப்பின் காரம் அதில் அடங்கிவிடும். பிறகு உருண்டைகளை வலைப்பையில் போட்டு வாஷிங் மெஷினில் தண்ணீர் விடாமல் சுழற்றிமட்டும் எடுப்பேன். கையால் பிழிந்தால் போகாத ஈரம் அதில் போய்விடுகிறது. கம்பித்தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் வைப்பேன். பத்து உருண்டையைச் சேர்த்துத் தினமும் ஒரே நேரத்தில் தராசில் நிறுத்து எழுதி வைப்பேன். அடுத்தடுத்து இரண்டு நாள் எடை ஒரே மாதிரி இருந்தால்தான் காய்ந்தது என்று அர்த்தம். எனக்கு இது மூன்று நாளும் ஆகியிருக்கிறது, மழை நாட்களில் ஆறு நாளும் ஆகியிருக்கிறது. இந்த எடைக் கணக்கைத் தொடங்கிய பிறகு ஒரு உருண்டைகூட வீணாகவில்லை.

கோப்பதில் பட்ட பாடு இன்னொன்று. சாதாரண ஊசி உள்ளே போகவே போகாது. இரண்டு ஊசி உடைந்தது, ஒன்றின் முனை விரலில் ஏறியது. பொம்மை தைக்கிற நீள ஊசி, 10, 12 செ.மீ. இருப்பது, வாங்கிக்கொள்ளுங்கள். குத்தூசியால் முதலில் வழி போட்டுவிட்டு, மறுபக்கம் எட்டிப்பார்க்கும் ஊசி முனையைக் குறடால் பிடித்து இழுத்தால் கை தப்பும். துளை சரியாக நடுவில் விழ வேண்டும். ஓரமாக விழுந்தால் சரம் தொங்கும்போது உருண்டை தலை சாய்ந்து நிற்கும். தையல் நூலில் கோத்தது ஒரு வாரத்தில் அறுந்து, நடு இரவில் 40 உருண்டையும் தரையில் சிதறிய சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்தேன். மீன்பிடி நரம்பு பிடிக்காமல் வழுக்கியது, முடிச்சும் நிற்கவில்லை. மெழுகு பூசிய பருத்தி நூல்தான் சரி. நூலும் கம்பளியும் உரசுவதால் உருண்டை வைத்த இடத்தில் நிற்கும், வேண்டும்போது தள்ளினால் நகரவும் செய்யும். உருண்டைக்கு உருண்டை 2.5 செ.மீ. இடைவெளி விட்டால் 40 உருண்டை சுமார் 2 மீட்டர் வரும். அதோடு மேலேயும் கீழேயும் முடிச்சுக்கு ஒரு முழம் சேர்த்து நூலை வெட்டுங்கள். நான் முதல் சரத்தைச் சரியாக 2 மீட்டருக்கு வெட்டி, கடைசி முடிச்சுக்கு நூல் இல்லாமல் முழுவதையும் உருவ வேண்டியிருந்தது.

தொங்கவிட்ட அன்றே சுவர் பாழானது. ஜன்னலுக்கு மேல் ஒரு சிறு தோரணத்தை அவசரத்தில் லேசான ஈரத்தோடு மாட்டினேன், சிவப்பு உருண்டைகள் வெள்ளைச் சுவரில் வரிசையாக இளஞ்சிவப்பு வட்டங்களைப் பதித்துவிட்டன. கையால் சாயம் போட்ட கம்பளியில் சிவப்பும் அடர் நீலமும் அதிகமாகச் சாயம் விடும். நனைந்த வெள்ளைத் துணியில் ஒரு உருண்டையை ஐந்து நிமிடம் சுற்றி அழுத்திப் பாருங்கள், நிறம் ஒட்டினால் அதைச் சுவரை உரசாத இடத்தில் மட்டும் தொங்கவிடுங்கள். ஆணி அடிக்க வேண்டாமே என்று ஒட்டும் கொக்கி போட்டதில், கழற்றும்போது சுவரின் பூச்சும் சேர்ந்து வந்தது. ஒரு சரத்தின் எடை 80 கிராம்தான், ஆறும் சேர்ந்தால் அரைக் கிலோகூட இல்லை. வாசல் சட்டத்துக்குள் இறுக்கி நிறுத்தும் சுருள்கம்பிக் கழி ஒன்று போதும், சுவரைத் தொடவே வேண்டியதில்லை. நேர் வெயில் படும் ஜன்னலில் எந்தச் சாயமும் நிற்காது. என் மஞ்சள் உருண்டைகள் ஒரு கோடை முடிவதற்குள் வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்துப்போயின. விளக்குச் சுடருக்கும் மெழுகுவர்த்திக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். கம்பளி எளிதில் பற்றாது என்றாலும் நடுவில் ஓடும் பருத்தி நூல் பற்றும்.

இனி சொல்லப்போவதை எழுதும்போது கை இப்போதும் நடுங்குகிறது. சரங்கள் மாட்டி மூன்றாவது வாரம் அக்கா வந்திருந்தாள், இன்னும் இரண்டு வயது நிறையாத அவள் பையனோடு. வாசலில் ஆடிய உருண்டைகளைப் பார்த்துக் குழந்தை சிரித்தான். நானும் பூரித்துப்போய் உள்ளே சென்றேன். "ஏய், அவன் வாயில என்னடி?" என்று அக்கா அலறியது கேட்டது. சரத்தின் கடைசி உருண்டையை இழுத்து, முடிச்சை அவிழ்த்து, வாயில் போட்டிருந்தான். பாதி உதட்டுக்கு வெளியே தெரிந்ததால் எடுக்க முடிந்தது. உள்ளே போய்க் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் விரலை விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே தள்ளிவிடும் என்பதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு உருளையை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் எதுவும் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுச் சாமானில் இருக்கக் கூடாது. என் உருண்டை 25 மி.மீ. அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னை நான் மன்னித்திருக்கவே மாட்டேன். அன்றிரவே ஆறு சரத்தையும் கழற்றினேன். சிறு குழந்தை வளரும் வீட்டிலும் வந்துபோகும் வீட்டிலும் இந்தச் சரங்களை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். தொட்டிலுக்கு மேலேயோ பக்கத்திலேயோ வேண்டாம், உருண்டை தொண்டைக்கு ஆபத்து என்றால் நீள நூல் கழுத்துக்கு ஆபத்து. கடைசி உருண்டைக்குக் கீழே வெறும் முடிச்சை நம்பாமல், நூலை உருண்டைக்குள் இரண்டு முறை குறுக்காகத் தைத்து முடியுங்கள்.

கழற்றிய சரங்களைத் துணிப்பையில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். ஐந்து மாதம் கழித்து எடுத்தபோது இரண்டு சரத்தில் உருண்டைகள் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தன, பையின் மடிப்பில் மெல்லிய வெள்ளைக் கூடுகள். அம்மாவிடம் போனில் சொன்னேன். "கம்பளியை இருட்டுல சுத்தி வெச்சா பூச்சி விடுமா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடி?" என்றாள். கேட்டிருக்கலாம்தான். அந்தப் பூச்சி அரை அங்குலம்கூட இல்லாத, வெளிர் பொன்னிற அந்துப்பூச்சி. பறக்கிற பூச்சி எதையும் தின்பதில்லை, அது இடும் 40, 50 முட்டைகளிலிருந்து வரும் புழுதான் கம்பளியின் புரதத்தைத் தின்கிறது. வெளிச்சமும் அசைவும் அதற்கு ஆகாது. அதனால் சரம் தொங்கிக்கொண்டே இருப்பதுதான் அதற்கு நல்ல காவல். எடுத்து வைத்தே ஆக வேண்டும் என்றால் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால்தான் உருண்டைமேல் நீர் கோக்காது. நாப்தலின் உருண்டையை நான் வைப்பதில்லை. அது நஞ்சு, அதுவும் உருண்டை, குழந்தை எடுத்து வாயில் போட்டால் அந்தக் கம்பளி உருண்டையைவிட மோசம்.

புழு அரித்ததில் 31 உருண்டைகளைத் திரும்பச் செய்தேன். இந்தமுறை அவசரமே இல்லை, நாளுக்கு ஐந்து ஆறு, வானொலி கேட்டுக்கொண்டே உருட்டினேன். இப்போது கூடத்து வாசலில் நாலு சரம் குட்டையாக, என் தோள் உயரத்தோடு முடிகிற மாதிரித் தொங்குகின்றன. மிச்ச இரண்டையும் என் அறைச் சுவரில் உத்தரத்தை ஒட்டித் தோரணமாகக் கட்டிவிட்டேன். மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி வெளியே கொண்டுபோய் உதறி, வெளிச்சத்தில் ஒவ்வொரு உருண்டையாகத் திருப்பிப் பார்ப்பேன். நேற்று அப்படிப் பார்த்தபோது, முதல் நாள் கண்ணளவில் உருட்டிய பச்சை உருண்டை ஒன்று, வெடிப்பு மூடிய தழும்போடு, நாலாவது சரத்தின் நடுவில் இருந்தது. அதன் வெளுத்த பக்கத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பிவிட்டு மறுபடி மாட்டினேன்.